2024 ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டற்ற மற்போர், 50 கிலோகிராம் பிரிவு

2024 ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டற்ற மற்போர், 50 கிலோகிராம் பிரிவு என்பது பிரான்சின் தலைநகரான பாரிசில் நடைபெற்ற 33ஆவது கோடைக்கால ஒலிம்பிக் விளையாட்டுகளில் இடம்பெற்ற மற்போர்ப் பிரிவுகளுள் ஒன்றாகும். ஒலிம்பிக் பெண்கள் மற்போரின் ஆறு எடைப்பிரிவுகளில் இதுவே மிகக் குறைந்த எடைக்குரியது. ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 7 ஆகிய இரு நாட்களில், ஈபெல் கோபுரத்திற்கு அருகில் அமைந்த ஷாம் டி மார்ஸ் அரங்கில் இப்போட்டிகள் நடைபெற்றன. ஐக்கிய அமெரிக்காவின் சாரா ஹில்டிபிராண்ட் தங்கமும், கியூபாவின் யுஸ்னெய்லிஸ் குஸ்மான் வெள்ளியும், யப்பானின் யுய் சுசாகி, சீனாவின் பெங் சிச்சி ஆகியோர் வெண்கலமும் வென்றனர்.

எனினும் இப்பிரிவு நினைவில் நிற்பது பதக்கம் வென்றவர்களால் மட்டுமன்று. முதல் நாளில் மூன்று ஆட்டங்களிலும் வென்று இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற இந்தியாவின் வினேஷ் போகாட், இரண்டாம் நாள் காலையில் 100 கிராம் கூடுதல் எடையுடன் இருந்தமையால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, தரவரிசையின் கடைசியில் வைக்கப்பட்டார். விதி என்ன, அது ஏன் அவ்வாறு அமைந்தது, அதனால் யார் யார் எந்த இடத்திற்கு வந்தனர் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மற்போரும் பெண்களும்

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைப் புறநானூறு பதிவு செய்கிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் பூண்ட மாமல்லன் என்னும் பட்டமே மாமல்லபுரத்தின் பெயரில் நிலைத்துள்ளது. பேச்சு வழக்கில் குஸ்தி என்றும், செய்தித்தாள்களில் மல்யுத்தம் என்றும் இவ்விளையாட்டு குறிக்கப்படுகிறது.

ஒலிம்பிக்கில் இரு வகை மற்போர்கள் உள்ளன. இடுப்பிற்குக் கீழே பிடிப்பதும் காலால் தாக்குவதும் தடை செய்யப்பட்ட கிரேக்க-உரோமன் வகை ஒன்று. உடலின் எப்பகுதியையும் பிடிக்கவும் கால்களைப் பயன்படுத்தவும் இசைவளிக்கும் கட்டற்ற வகை மற்றொன்று. பெண்களுக்குக் கட்டற்ற வகை மட்டுமே நடத்தப்படுகிறது. பெண்களுக்கான முதல் உலக மற்போர்ப் போட்டி 1987இல் நார்வேயில் நடைபெற்றது. ஒலிம்பிக்கில் இடம் கிடைக்க மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் நான்கு எடைப்பிரிவுகளுடன் பெண்கள் மற்போர் சேர்க்கப்பட்டது; 2016 முதல் பிரிவுகள் ஆறாயின. தொடக்கம் முதலே யப்பானின் கை ஓங்கியிருந்தது. அந்நாட்டின் கஓரி இச்சோ 2004 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றவர்.

இந்தியாவில் பெண்கள் மற்போரின் வரலாறு பெரும்பாலும் அரியானா மாநிலத்தின் வரலாறாகவே அமைந்துள்ளது. 2010 தில்லி பொதுநலவாய விளையாட்டுகளில் கீதா போகாட் தங்கம் வென்றார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதன் மூலம் அத்தகுதியை எட்டிய முதல் இந்தியப் பெண் மற்போர் வீரரானார். 2016 இரியோ ஒலிம்பிக்கில் 58 கிலோ பிரிவில் சாக்சி மாலிக் வெண்கலம் வென்றார். வெண்கலத்திற்கான அந்த ஆட்டத்தில் கிர்கிசுத்தானின் ஐசுலு தினிபெக்கோவாவிடம் 0–5 எனப் பின்தங்கியிருந்து, இறுதியில் 8–5 என வென்றது குறிப்பிடத்தக்கது. பெண்கள் மற்போரில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. பாரிசுக்கு முன்னர் எந்த இந்தியப் பெண்ணும் ஒலிம்பிக் மற்போர் இறுதிப் போட்டியை எட்டியதில்லை.

ஆட்ட விதிகள்

ஓர் ஆட்டம் தலா மூன்று நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும். இடையே 30 விநாடி ஓய்வு உண்டு. எதிராளியின் இரு தோள்களையும் விரிப்பில் பதித்து நிறுத்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அவ்வாறு முடியாதபோது புள்ளிகளே வெற்றியைத் தீர்மானிக்கும். நின்றிருப்பவரைக் கீழே வீழ்த்திப் பின்புறம் சென்று கட்டுப்படுத்தினால் 2 புள்ளிகள். எதிராளியின் முதுகை விரிப்பை நோக்கித் திருப்பினாலும் 2 புள்ளிகள். தூக்கி எறியும் பிடிகளுக்கு 4 அல்லது 5 புள்ளிகள் வரை கிடைக்கும். எதிராளியை ஆட்ட எல்லைக்கு வெளியே தள்ளினால் 1 புள்ளி. 10 புள்ளி வேறுபாடு ஏற்பட்டால் நேரம் மீதமிருந்தாலும் ஆட்டம் நிறுத்தப்படும்.

இப்பிரிவின் முதல் நாள் ஆட்டங்களைப் புரிந்துகொள்ள வேறு மூன்று விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, தாக்காமல் ஒதுங்கியிருப்பவருக்கு நடுவர் எச்சரிக்கை விடுத்து 30 விநாடி அவகாசம் அளிப்பார்; அதற்குள் எவரும் புள்ளி எடுக்காவிடின் எதிராளிக்கு 1 புள்ளி வழங்கப்படும். இரண்டாவது, நடுவரின் முடிவை எதிர்த்து ஒளிப்பதிவு மறு ஆய்வு கோரலாம். கோரிக்கை தோற்றால் எதிராளிக்கு 1 புள்ளி சேரும். மூன்றாவது, புள்ளிகள் சமமாக முடிந்தால் உயர்ந்த மதிப்புள்ள பிடியைச் செய்தவரே வென்றவர். அதாவது 2–2 என முடியும் ஆட்டத்தில், ஒன்றொன்றாக இரு புள்ளிகள் பெற்றவரை, ஒரே பிடியில் 2 புள்ளிகள் பெற்றவர் வெல்வார்.

தோற்றவர்களுக்கு ஒரு மறுவாய்ப்பும் உண்டு. இறுதிப் போட்டிக்குச் செல்லும் இருவரிடம் முன் சுற்றுகளில் தோற்றவர்கள் மட்டும் மறுவாய்ப்புச் சுற்றில் மோதி, வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தை எட்டலாம். ஆகவே ஒருவர் யாரிடம் தோற்றார் என்பது, தோற்ற பின்னரும் அவருடைய வாய்ப்பைத் தீர்மானிக்கிறது.

எடைப்பிரிவும் எடை குறைத்தலும்

தமிழ்நாட்டில் எடைப்பிரிவு என்னும் கருத்து மற்போரைவிடக் குத்துச்சண்டை வழியாகவே பரவலாக அறியப்பட்டது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து இராயபுரம், காசிமேடு போன்ற வடசென்னைப் பகுதிகளில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வளர்த்த அக்கலையில், சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பெண்களுக்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001இல் நடைபெற்றதும் சென்னையிலேயே. அப்போட்டியில் தங்கம் வென்றவர்களுள் ஒருவரான மேரி கோம், 2018இல் போலந்தில் நடந்த போட்டி ஒன்றின்போது 2 கிலோ கூடுதலாக இருந்ததாகவும், சில மணி நேரத்திற்குள் கயிறு தாண்டும் பயிற்சியால் அதைக் குறைத்ததாகவும் கூறியுள்ளார். களம் எதுவாயினும் எடைக்கருவியின் முன் நிலைமை ஒன்றுதான்.

எடைப்பிரிவுகளின் நோக்கம் ஏறக்குறைய ஒத்த உடற்பருமன் உடையவர்களை மோதவிடுவதாகும். நடைமுறையில் நிகழ்வது வேறு. பெரும்பாலான வீரர்கள் தம் இயல்பான எடைக்குக் கீழுள்ள பிரிவில் போட்டியிடுகின்றனர். எடை பார்க்கும் நேரத்திற்கு மட்டும் உடலை அவ்வெல்லைக்குள் கொண்டுவந்து, பின்னர் உண்டு, நீர் அருந்தி, கூடுதல் வலிமையுடன் களமிறங்குவதே அவர்களது முறை. எல்லோரும் இதைச் செய்வதால் செய்யாதவர் தம்மினும் பெரியவருடன் மோத நேரிடும். எனவே எவரும் தனியாக இதைக் கைவிட இயல்வதில்லை.

கடைசி நாட்களில் குறைவது பெரும்பாலும் கொழுப்பன்று, நீரே ஆகும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. தசைகளில் சேமிக்கப்படும் கிளைக்கோசன் என்னும் மாவுப்பொருள், தன் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தும் உப்பும் குறைந்த உணவை உண்டு, நீராவி அறையில் அமர்ந்தும், தடித்த உடையுடன் ஓடியும் வியர்வையாக இந்நீரை வெளியேற்றுவர். மீண்டும் உண்டதும் அதே வேகத்தில் எடை திரும்பும். வியர்ப்பதற்கு நீர் மிஞ்சாத நிலையை உடல் அடைந்துவிட்டால், அதன் பின்னர் எவ்வளவு முயன்றாலும் எடை இறங்காது.

இதன் ஆபத்தை உலகம் அறிந்தது ஒரு துயர நிகழ்வால். 1997ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள், ஐக்கிய அமெரிக்காவின் மூன்று கல்லூரி மற்போர் வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தனர். அதன் பின்னர் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, உடலின் நீரளவைச் சோதித்தல், போட்டிக்குச் சற்று முன்னரே எடை பார்த்தல் முதலிய விதிகளைக் கொண்டுவந்தது.

பன்னாட்டு மற்போரை நிர்வகிக்கும் ஐக்கிய உலக மற்போர் அமைப்பும் இதே வழியில் சென்றது. முன்பு போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்த்துவிட்டு, ஒரே நாளில் எல்லா ஆட்டங்களையும் முடிப்பது வழக்கம். புதிய முறையில் ஒவ்வொரு பிரிவும் இரு நாட்களுக்கு நடைபெறும். இரு நாள் காலையிலும் எடை பார்க்கப்படும். முதல் நாள் இதற்கான நேரம் 30 நிமிடங்கள். இரண்டாம் நாள், இறுதிப் போட்டிக்கும் பதக்க ஆட்டங்களுக்கும் மறுவாய்ப்புச் சுற்றுக்கும் உரியவர்கள் மட்டும் வரவேண்டும். நேரம் 15 நிமிடங்கள். அந்நேரத்திற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எடைக்கருவியில் ஏறலாம். ஆட்ட உடையின் எடைக்குத் தனியே கழிவு கிடையாது. உலகக் கோப்பை போன்ற சில போட்டிகளில் 2 கிலோ வரை தளர்வு உண்டெனினும் ஒலிம்பிக்கில் அது இல்லை.

ஒரே இரவில் பெரிய அளவில் எடையைக் கூட்டிக் குறைப்பதைத் தடுப்பதே இரண்டாம் முறை எடை பார்ப்பதன் நோக்கம். ஆனால் தம் இயல்பான எடைக்கு மிகக் கீழே போட்டியிடுபவர், அவ்வேதனையை ஒருமுறைக்கு இருமுறை பட நேர்ந்தது. முதல் நாள் எவ்வளவு ஆட்டங்களில் வெல்கிறாரோ அவ்வளவு உணவும் நீரும் அவருக்குத் தேவைப்படும். வெற்றியே மறுநாள் காலையின் சுமையைக் கூட்டும்.

இவ்விதிகளின் 11ஆம் பிரிவு, எடை பார்க்க வராதவரும், முதல் அல்லது இரண்டாம் முறை எடையில் தவறியவரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, இடமெண் இன்றிக் கடைசியில் வைக்கப்படுவர் என்கிறது. முதல் நாள் ஆட்டத்தில் காயமடைந்தவர் மட்டும் இரண்டாம் நாள் எடை பார்க்க வராமலே தாம் பெற்ற நிலையைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவுக்கு வந்த வழி

வினேஷ் போகாட் 1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் அரியானாவின் பலாலி என்னும் ஊரில் பிறந்தவர்; கீதா போகாட்டின் சிற்றப்பா மகள். 2014, 2018, 2022 ஆகிய மூன்று பொதுநலவாய விளையாட்டுகளிலும் முறையே 48, 50, 53 கிலோ பிரிவுகளில் தங்கம் வென்றார். எண்கள் ஏறிச் செல்வது கவனிக்கத்தக்கது. 2018 சகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் 50 கிலோ பிரிவில் தங்கம் வென்று, ஆசிய விளையாட்டு மற்போரில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2019, 2022 உலகப் போட்டிகளில் 53 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார்.

ஒலிம்பிக் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 2016 இரியோவில் காலிறுதியில் சீனாவின் சுன் யனானுடன் மோதியபோது முழங்கால் காயமடைந்து களத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். டோக்கியோவில் காலிறுதியில் பெலருசின் வனேசா கலாட்சின்ஸ்கயாவிடம் தோற்றார்.

2023 சனவரியில், இந்திய மற்போர்க் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை முன்வைத்துத் தில்லி ஜந்தர் மந்தரில் நடந்த போராட்டத்தில் சாக்சி மாலிக், பச்ரங் புனியா ஆகியோருடன் வினேஷ் முன்னணியில் இருந்தார். குற்றச்சாட்டுகளை அத்தலைவர் மறுத்தார். போராட்டத்தால் அவ்வாண்டின் பெரும்பகுதி பயிற்சியின்றிக் கழிந்தது. ஆகஸ்டில் முழங்காலில் அறுவை மருத்துவமும் செய்துகொள்ள நேர்ந்தது. அவர் களத்திற்கு வெளியே இருந்தபோது 2023 உலகப் போட்டியில் அந்திம் பங்கால் 53 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று அப்பிரிவில் இந்தியாவுக்கு உரிய ஒலிம்பிக் இடத்தைப் பெற்றுத் தந்தார். ஒரு நாடு ஓர் எடைப்பிரிவில் ஒருவரை மட்டுமே அனுப்ப முடியும்.

எனவே 29 வயதில், அறுவை மருத்துவத்திற்குப் பின், வினேஷ் மீண்டும் 50 கிலோவுக்கு இறங்கினார். 2024 மார்ச்சில் பட்டியாலாவில் நடந்த தேர்வுப் போட்டியில் இரு பிரிவுகளிலும் கலந்துகொண்டு 50 கிலோவில் வென்றார். ஏப்ரலில் பிசுக்கெக் நகரில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடத்தை உறுதி செய்தார். உடல் வளர்ந்து 53 கிலோவில் நிலைபெற்ற ஒருவர் மூன்று கிலோ கீழே இறங்கியதே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அடிப்படை எனலாம்.

முதல் நாள்: ஆகஸ்ட் 6

முதல் நாள் காலையில் வினேஷின் எடை 49.90 கிலோ எனப் பதிவாயிற்று. முதல் ஆட்டத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தவர் யுய் சுசாகி. டோக்கியோவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர்; நான்கு முறை உலகச் சாம்பியன்; வெளிநாட்டு வீரர் எவரிடமும் அதுவரை தோற்றிராதவர். பன்னாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து 82 ஆட்டங்களில் வென்றிருந்தார்.

வினேஷ் அவ்வாட்டத்தில் தாக்குதலைவிடத் தற்காப்பையே பெரிதும் நம்பினார். சுசாகியின் கைகளைப் பற்றி, கால்களை நெருங்கவிடாமல் தடுத்தார். இதன் விலையாக, தாக்காமைக்குரிய புள்ளிகள் இரண்டு சுசாகிக்குச் சென்றன. 0–2 என்ற நிலையில் ஆட்டம் முடியும் தறுவாயில், கடைசி விநாடிகளில் வினேஷ் சுசாகியை வீழ்த்தி 2 புள்ளிகள் பெற்றார். மேலே கூறிய மூன்றாவது விதியின்படி 2–2 என்ற நிலையே அவருக்கு வெற்றியாகும். யப்பானியத் தரப்பு மறு ஆய்வு கோரித் தோற்றதால் மேலும் ஒரு புள்ளி சேர்ந்து முடிவு 3–2 ஆனது. ஒலிம்பிக் மற்போர் வரலாற்றின் பெரும் அதிர்ச்சி முடிவுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

காலிறுதியில் உக்ரைனின் ஒக்சானா லிவாச்சை 7–5 எனவும், அரையிறுதியில் கியூபாவின் குஸ்மானை 5–0 எனவும் வினேஷ் வென்றார். மறுபுறத்தில் ஹில்டிபிராண்ட் அரையிறுதியில் மங்கோலியாவின் தோல்கோர்ஜாவின் ஒத்கோன்ஜர்காலை வென்று இறுதிக்கு வந்தார். அன்றிரவு நிலவரப்படி இந்தியாவுக்குக் குறைந்தது வெள்ளிப் பதக்கம் உறுதி என்றே எல்லோரும் கருதினர்.

இரண்டாம் நாள் காலை: ஆகஸ்ட் 7

ஒரே நாளில் மூன்று ஆட்டங்களில் மோதுபவர் இடையிடையே நீரும் சிறிது உணவும் கொள்ளாமல் இருக்க முடியாது. அவ்வாறு கொண்ட பின்னர் மாலையில் வினேஷின் எடை எல்லையைவிட 2.7 கிலோ கூடுதலாக இருந்தது. இந்திய அணியின் தலைமை மருத்துவர் தின்ஷா பர்திவாலா பின்னர் விளக்கியபடி, இரவு முழுவதும் உணவும் நீரும் தவிர்க்கப்பட்டு, வியர்க்க வைக்கும் பயிற்சிகள் மேற்கொள்ளப்பட்டன, தலைமயிர் வெட்டப்பட்டது, உடையும் சுருக்கப்பட்டது. உறக்கம் இல்லை. 2.6 கிலோ குறைந்தது. எஞ்சிய 100 கிராம் குறையவில்லை. அது அரைத் தம்ளர் நீரின் எடை.

எடை பார்க்கும் 15 நிமிடங்கள் முடிந்ததும் அவர் நீக்கப்பட்டார். உடலில் நீர் வற்றிய நிலையில் ஒலிம்பிக் குடியிருப்பின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நரம்பு வழியே நீர் ஏற்றப்பட்டது. அங்கு அவரைச் சந்தித்தவர்களுள் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி. டி. உஷாவும் ஒருவர். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியால் வெண்கலத்தை இழந்தவர் அவர். எடையைக் கட்டுக்குள் வைப்பது வீரர், பயிற்றுநர் ஆகியோரின் பொறுப்பு என்றும், மருத்துவக் குழுவைக் குறை கூறுவது முறையன்று என்றும் உஷா சில நாட்களுக்குப் பின் அறிக்கை விடுத்தார்.

இதே பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் அமன் செராவத், ஆண்கள் 57 கிலோ பிரிவில் அரையிறுதிக்குப் பின் ஏறத்தாழ 4.6 கிலோ கூடுதலாக இருந்து, ஒரே இரவில் அதைக் குறைத்து மறுநாள் வெண்கலம் வென்றார். அதே அமன் செராவத் 2025 உலகப் போட்டியில் 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நீக்கப்பட்டார். ஒருமுறை இசைந்த உடல் மறுமுறையும் இசையும் என்பதற்கு உறுதியில்லை.

இறுதிப் போட்டியும் பதக்கங்களும்

விதிப்படி, அரையிறுதியில் வினேஷிடம் தோற்ற குஸ்மான் இறுதிப் போட்டிக்கு மாற்றப்பட்டார். வினேஷிடம் தோற்ற சுசாகி, லிவாச் இருவருக்கும் இடையிலான மறுவாய்ப்புச் சுற்று ஆட்டமே வெண்கலத்திற்கான ஆட்டமாக அறிவிக்கப்பட்டது.

இறுதிப் போட்டியில் ஹில்டிபிராண்ட் 3–0 என வென்றார். டோக்கியோவில் வெண்கலம் பெற்றிருந்த அவர், உலகப் போட்டிகளில் பலமுறை பதக்கம் வென்றும் தங்கம் பெறாதவர். குஸ்மானின் வெள்ளி, ஒலிம்பிக் பெண்கள் மற்போரில் கியூபா பெற்ற முதல் பதக்கமாகும். சுசாகி 10–0 என லிவாச்சை வென்று வெண்கலம் பெற்றார். மற்றொரு வெண்கலத்திற்கான ஆட்டத்தில் பெங் சிச்சி ஒத்கோன்ஜர்காலை வென்றார்.

இங்கு விதியின் ஒரு முரண் தெளிவாகத் தெரிகிறது. வினேஷின் முதல் நாள் வெற்றிகள் அவருக்கு மட்டுமே இல்லாமற் போயின. பிறருக்கு அவை செல்லுபடியாயின. சுசாகி வெண்கலத்திற்கான ஆட்டத்தை அடைந்தது, இறுதிக்குச் சென்ற ஒருவரிடம் தோற்றவர் என்ற தகுதியால்தான். ஆனால் அந்த இறுதிப் போட்டியாளர் பட்டியலின் கடைசியில் இருந்தார்.

மேல்முறையீடு

ஆகஸ்ட் 7 அன்றே வினேஷ், ஒலிம்பிக்கின்போது பாரிசில் இயங்கிய விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தின் சிறப்புப் பிரிவில் முறையிட்டார். இறுதிப் போட்டிக்கு முன் மீண்டும் எடை பார்க்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் அவ்வளவு குறுகிய நேரத்தில் முடிவெடுக்க இயலாது என மன்றம் தெரிவித்தது. இறுதிப் போட்டி நடந்து முடிந்ததால், வெள்ளிப் பதக்கத்தைக் குஸ்மானுடன் பகிர்ந்து வழங்கவேண்டும் எனக் கோரிக்கை மாற்றப்பட்டது. ஐக்கிய உலக மற்போர் அமைப்பும் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் எதிர்த்தரப்பினர். வினேஷுக்காக மூத்த வழக்கறிஞர் அரீஷ் சால்வே முதலியோர் வாதிட்டனர். ஆகஸ்ட் 9 அன்று விசாரணை நடந்தது. தீர்ப்பு நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 14 அன்று மனு தள்ளுபடியானது.

தனி நடுவராக இருந்தவர் ஆத்திரேலியாவின் அன்னபெல் பென்னட். பின்னர் வெளியான விரிவான தீர்ப்பு மாணவர்கள் படிக்கத் தக்கது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தங்குதல், ஆட்டங்களுக்கிடையே நீர் அருந்தப் போதிய நேரமின்மை முதலியன வினேஷ் தரப்பில் காரணங்களாகக் கூறப்பட்டன. எல்லை எவருக்கும் பொதுவானது, விதியில் தளர்வுக்கு இடமில்லை, வீரர் அதை அறிந்தே போட்டியிட்டார் என்பது தீர்ப்பின் அடிப்படை. அதே வேளையில், வினேஷ் எந்தத் தவறான செயலிலும் ஈடுபடவில்லை என்பதையும், விதியின் விளைவுகள் மிகக் கடுமையானவை என்பதையும் நடுவர் பதிவு செய்தார். எடை தவறிய சுற்றுக்கு மட்டும் விளைவை வரையறுத்து, முந்தைய சுற்றுகளின் பயனை விட்டுவைப்பது நியாயமான தீர்வாக இருக்கலாம் என்றும், ஆயினும் விதியைத் திருத்துவது நடுவரின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று என்றும் தீர்ப்புக் கூறுகிறது.

பின்னர்

ஆகஸ்ட் 8 அன்று, தீர்ப்புக்கு முன்னரே, வினேஷ் மற்போரிலிருந்து ஓய்வை அறிவித்தார். அவரை வெள்ளிப் பதக்கம் வென்றவராகவே கருதிச் சிறப்பிப்பதாக அரியானா அரசு அறிவித்தது. 2024 செப்டம்பரில் காங்கிரசுக் கட்சியில் சேர்ந்த அவர், அக்டோபரில் வெளியான சட்டமன்றத் தேர்தல் முடிவுகளில் சுலானா தொகுதியில் வெற்றி பெற்றார். 2025 டிசம்பரில் ஓய்வு முடிவைக் கைவிட்டு, 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கை நோக்கிக் களம் திரும்புவதாக அறிவித்தார்.